ஸ்பிட்ஃபயர் பிரேக் பாகங்கள்: எதுக்கு மஞ்சள் முலாம், எதுக்குக் கறுப்பு, எதைச் சும்மா விடணும்?

திருநகர்_கேரேஜ்:

வணக்கம். என்கிட்ட இருக்கிறது 1968 மாடல் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3, பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். பாடி வேலை முடிஞ்சு பெயின்ட்டும் ஆச்சு, இப்ப பிரேக்குக்கு வந்திருக்கேன். முன்னாடி 9 அங்குல டிஸ்க், கிர்லிங் கம்பெனி காலிப்பர் (டிஸ்க்கை ரெண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிறது). பின்னாடி 7 அங்குல டிரம். முன்பு வைத்திருந்தவர் காலிப்பர், டிரம், பேக்கிங் பிளேட் (டிரம்முக்குப் பின்னாடி இருக்கிற தகடு) எல்லாத்துக்கும் சிவப்புப் பெயின்ட் அடிச்சு வச்சிருக்கார். ஆலையிலிருந்து வந்தப்போ எப்படி இருந்துச்சோ அப்படியே கொண்டுவரணும்.

உதிரியா ஒரு பழைய காலிப்பர் இருந்துச்சு. அதை மட்டும் கப்பலூர் பக்கம் ஒரு பட்டறையில் சோதனைக்கு மஞ்சள் ஜிங்க் (மஞ்சள் நிறத் துத்தநாக முலாம்) போடக் கொடுத்தேன். போல்ட், கிளிப் எல்லாம் அழகா வந்துச்சு. காலிப்பர் மட்டும் திட்டுத்திட்டா கறுப்படிச்சு, பல இடத்துல முலாமே ஏறலை. ஏன் இப்படி? பேக்கிங் பிளேட்டுக்குப் பவுடர் கோட்டிங் போடலாம்னு ஒருத்தர் சொல்றார், போடலாமா? டிரம்முக்குள்ள இருக்கிற பிரேக் ஷூ ஸ்பிரிங்குகளையும் முலாமுக்குக் கொடுக்கலாமா?

முலாம்_தொட்டி:

தம்பி, பட்டறைக்காரரைக் குறை சொல்ல முடியாது. போல்ட்டுக்குச் செய்யும் முறையையே வார்ப்பிரும்புக்கும் செய்திருக்கிறார். வார்ப்பிரும்பில் கரி, கிராஃபைட்டாகப் பொதிந்திருக்கிறது. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் நெடுநேரம் போட்டால் இரும்பு கரையும், கிராஃபைட் கரையாமல் மேலே தங்கிவிடும். விரலால் தடவினால் அடுப்புக்கரி மாதிரி ஒட்டும். அதன்மேல் காரத் தொட்டியில் துத்தநாகம் ஏறாது. மின்சாரம் முழுக்க ஹைட்ரஜன் குமிழியாகவே வீணாகப் போகும். அதனால்தான் எஃகு போல்ட்டில் ஏறியது காலிப்பரில் ஏறவில்லை.

செய்ய வேண்டியது இப்படி. பெயின்ட்டை ரிமூவர் போட்டு எடுங்கள். பிறகு 150 மெஷ் அளவு அலுமினியம் ஆக்சைடு மணலைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சிப் பிளாஸ்டிங். முடிந்ததும் கையால் தொடாமல் அன்றைக்கே தொட்டிக்குப் போக வேண்டும். அமிலத்தில் சில விநாடி முக்கி எடுத்தால் போதும். முலாம், அமில குளோரைடு ஜிங்க் தொட்டியில். பட்டறையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வியே ‘உங்களிடம் ஆசிட் ஜிங்க் இருக்கிறதா’ என்பதுதான். கனம் 8 முதல் 12 மைக்ரான். கடைசி அலசலுக்கு போர் தண்ணீர் வேண்டாம். நம் பக்கத்துப் போர் தண்ணீரில் உப்பு அதிகம், காயும்போது வெள்ளைத் தடம் விழும். ஆர்.ஓ. தண்ணீர் அல்லது பேட்டரி தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள்.

மஞ்சள் பாசிவேஷன் (துத்தநாகத்துக்கு மேல் போடும் குரோமியப் படலம்) போட்ட முதல் 24 மணி நேரம் அந்தப் படலம் மென்மையாக இருக்கும். துணியால் அழுத்தித் துடைத்தால் நிறம் கையோடு வந்துவிடும். சரியாக விழுந்திருந்தால் வெயிலில் சாய்த்துப் பார்க்கும்போது பொன்நிறத்துக்குள் பச்சையும் ரோஸும் ஓடும். மூவிணைதிறன் குரோமியக் கரைசல் வைத்திருக்கும் பட்டறையில் நிறம் கொஞ்சம் வெளிறித்தான் வரும். பழைய தோற்றம் வேண்டுமென்றால் ஒரு துண்டில் மாதிரி போட்டுப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

ஸ்பிரிங்கை மின்முலாமுக்குக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். அமிலத்திலும் தொட்டியிலும் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்துவிடும். பார்க்க ஒன்றும் தெரியாது. வண்டியில் மாட்டிச் சில நாள் கழித்து, இழுவையிலேயே பட்டென்று முறியும். ஸ்பிரிங்கைச் சுத்தம் செய்து மெல்லிய பெயின்ட் மட்டும் அடியுங்கள். பழைய நிறம் எங்காவது ஒட்டியிருந்தால் அதே நிறம், ஏனென்றால் அது அடையாள நிறமாக இருக்கலாம். 10.9 தரமும் (போல்ட்டின் வலிமையைக் குறிக்கும் எண்) அதற்கு மேலும் உள்ள போல்ட்டுக்கு முலாம் போட்டே ஆக வேண்டுமென்றால், போட்ட 4 மணி நேரத்துக்குள் அடுப்பில் வைத்து 190 முதல் 220 டிகிரி செல்சியஸில் 8 மணி நேரத்துக்குக் குறையாமல் சுட வேண்டும். மஞ்சள் பாசிவேஷன் அதற்குப் பிறகுதான். முதலிலேயே போட்டுவிட்டுச் சுட்டால் படலம் வெடித்து வீணாகும்.

லேத்_வாசல்:

அண்ணன் முலாம் பத்திச் சொல்லிட்டார். நான் பேக்கிங் பிளேட்டுக்கு வர்றேன்.

பவுடர் கோட்டிங் வேண்டாம். இந்த வண்டியில் பின்பக்க வீல் சிலிண்டர் பிளேட்டோட இறுக்கிப் பூட்டினது கிடையாது. பிளேட்டில் உள்ள நீள்வெட்டில் அது முன்னும் பின்னும் நகரணும். ஒரு பிஸ்டன்தான். அது ஒரு ஷூவைத் தள்ளும், சிலிண்டர் உடம்பு எதிர்ப்பக்கம் நகர்ந்து இன்னொரு ஷூவைத் தள்ளும். பவுடர் கோட்டிங் 60 முதல் 100 மைக்ரான் வரும். அந்த வெட்டுல ரெண்டு விளிம்பிலும் அது ஏறினா சிலிண்டர் சிக்கிக்கும். ஒரு ஷூ மட்டும் தேயும், ஹேண்ட் பிரேக் பிடிக்காது. ஆளுக்கு ஆள் ஷூ மேல இருக்கிற லைனிங்கை மாத்திப் பார்ப்பாங்க, குறை பெயின்ட்டில் இருக்கும்.

பிளேட்டுக்குச் சரியானது கறுப்பு எனாமல், மெல்லிசா. வெட்டின் விளிம்பு, ஷூ உரசுற மேடுகள், ஹப்போட உட்காருற முகம் மூணையும் டேப் ஒட்டி மறைச்சுட்டு அடிங்க. மாட்டும்போது அந்த மேடுகளுக்கும் வெட்டுக்கும் பிரேக் கிரீஸ், உளுந்தளவு போதும்.

டிரம்முக்கு வெளிப்பக்கம் மட்டும் வெப்பம் தாங்கும் அரைப்பளபளப்புக் கறுப்பு. உள்பக்கம் லேத்தில் கடைஞ்ச இரும்பு, அப்படியே இருக்கணும். வீல் வந்து உட்காருற முகத்தில் தடிமனா பெயின்ட் இருந்தா சூட்டில் அமுங்கி வீல் நட்டு தளரும். இது பார்வைக்கான விஷயம் இல்லை, வீல் கழன்றுபோற விஷயம். டிஸ்க்கிலும் ஹப் உட்காருற முகம் வெறும் இரும்பாவே இருக்கட்டும். அங்க ஒரு துளி பெயின்ட் மாட்டினாலும் டிஸ்க் ஓரத்தில் ஆட்டம் இன்னும் பெருசாத் தெரியும், பெடல் துடிக்கும்.

மரையிலும் கவனம். 10 மைக்ரான் முலாம் ஏறினா மரையின் நடுவிட்டம் கிட்டத்தட்ட 40 மைக்ரான் கூடும். இறுகுதுன்னு டை (மரை வெட்டுற கருவி) விட்டு வெட்டாதீங்க, முலாமே போயிரும். தொட்டிக்கு அனுப்பும்போதே பைப் ஓட்டைக்குப் பழைய நட்டு, பிளீடர் ஓட்டைக்கு (காற்றை வெளியேத்துற ஓட்டை) பழைய பிளீடர் ஸ்குரூ போட்டு அடைச்சு அனுப்புங்க.

இதோட இன்னொண்ணு. இந்த வண்டிப் பைப் நட்டு 3/8 யுஎன்எஃப் (அங்குல அளவு நுண்மரை), அங்குலத்துக்கு 24 மரை. கடையில் ‘அதேதான் சார்’னு எம்10 (மில்லிமீட்டர் அளவு) நட்டைக் கொடுப்பாங்க. அது ஒரு சுத்து ஏறி நிக்கும், ஸ்பேனரைப் போட்டு அழுத்தினா காலிப்பர் மரையே போச்சு.

திருநகர்_கேரேஜ்:

ரொம்ப நன்றி. ஒரு சந்தேகம். காலிப்பரோட ரெண்டு பாதியையும் பிரிக்காதேன்னு பழைய கையேடுகள் சொல்லுது. பிரிக்காம தொட்டியில் போடலாமா? சிவப்புப் பெயின்ட்டை புளோ லாம்ப் வச்சுச் சுட்டா சீக்கிரம் உரியும்னும் ஒருத்தர் சொன்னார்.

முலாம்_தொட்டி:

முதலில் புளோ லாம்பைக் கீழே வையுங்கள். அந்தக் காலத்து முலாம் பலதும் கேட்மியம் என்ற நச்சு உலோகம். சுட்டால் வரும் புகை நுரையீரலைப் பாழாக்கும், உயிருக்கே ஆபத்து. உலர்ந்த வயர் பிரஷ், எமரி தாளும் வேண்டாம். பழைய லைனிங்கில் கல்நார் இருக்கும், ஆகவே டிரம்முக்குள் கம்ப்ரசர் காற்றும் கூடாது. ஈரத்துணியால் துடைத்து அதை மூடிக் கட்டிப் போடுங்கள்.

பிரிக்காமல் முக்கினால், இரண்டு பாதியும் சேரும் இடுக்கில் அமிலம் போய் உட்கார்ந்துகொள்ளும். எவ்வளவு அலசினாலும் முழுக்க வராது. நடுவில் உள்ள சின்ன ரப்பர் சீலும் கெடும். ஆகவே வழி இரண்டுதான். நடு சீலும் போல்ட்டும் புதிதாகக் கையில் இருந்து, முறுக்குவிசை தெரிந்து பூட்டக்கூடிய ஆளும் இருந்தால் பிரித்து முலாம் போடலாம். இல்லையென்றால் பிரிக்காதீர்கள், முலாமும் வேண்டாம். எல்லா ஓட்டையையும் அடைத்து பிளாஸ்டிங் செய்து, பிரேக் ஆயில் தாங்கும் இரண்டு கலவைப் பெயின்ட்டை (ஹார்டனர் கலந்து அடிப்பது) மங்கிய பொன்நிறத்தில் அடியுங்கள். அருகில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும், ஆனால் பிரேக் பத்திரமாக இருக்கும். எந்த வழியானாலும் பிஸ்டன் ஓடும் துளையில் முலாமும் பெயின்ட்டும் படக்கூடாது.

வைகை_தென்கரை:

சிவப்புப் பெயின்ட்டை எடுக்கும் முன் ஒரு வேலை இருக்கிறது. ஒவ்வொரு பாகத்திலும் பெயின்ட் எட்டாத இடம் இருக்கும். காலிப்பரைத் தாங்கும் போல்ட்டைக் கழற்றினால் வாஷர் அடியில் ஒரு ரூபாய் அளவு வட்டம், பொன்நிறம் மாறாமல் இருக்கக்கூடும். பிரேக் பைப் கிளிப்புக்கு அடியில், டிஸ்க்குக்குப் பின்னால் உள்ள டஸ்ட் ஷீல்டு தகடு பூட்டியிருக்கும் இடத்தில், பழைய கிரீஸ் கட்டிக்கு உள்ளே எல்லாம் மண்ணெண்ணெய்த் துணியால் மெதுவாகத் துடைத்துப் பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள். பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வையுங்கள், நிறம் ஏமாற்றாது. பிளாஸ்டிங் போன பிறகு இந்தச் சாட்சி எதுவும் மிஞ்சாது. நாங்கள் சொல்வதும் உங்கள் பாகம் காட்டுவதும் வேறாக இருந்தால் பாகத்தை நம்புங்கள்.

பைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அசல் பைப் 3/16 அங்குல இரட்டைச் சுவர் எஃகு, மங்கிய வெள்ளிச் சாம்பல் நிறம். காப்பர் நிக்கல் பைப் துருப்பிடிக்காது, நான் அதையே போடச் சொல்வேன், ஆனால் செம்பு நிறம் அடிக்கும். ஏசி கடையில் கிடைக்கும் வெறும் செம்புக் குழாய் மட்டும் கூடாது, அதிர்வில் இறுகி வெடிப்பு விடும்.

டாட் 4 பிரேக் ஆயில் சாதாரணப் பெயின்ட்டை உரிக்கப் பார்க்கும். சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். எல்லாம் பூட்டி, பைப்பில் உள்ள காற்றை வெளியேற்றிய (ஏர் எடுத்த) பிறகு, சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவே கட்டையை முட்டுக்கொடுத்து இரவு முழுக்க விடுங்கள். நான்கு வீலுக்கு அடியிலும் செய்தித்தாள். காலையில் ஒவ்வொரு நட்டிலும் டிஷ்யூ பேப்பரைச் சுற்றிப் பாருங்கள். ஈரம் பட்டால் அந்த இணைப்பைக் கழற்றி, பைப் நுனி வாயில் முலாம் துணுக்கோ பிளாஸ்டிங் மணலோ சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். பார்க்காமலே இன்னும் இறுக்காதீர்கள்.