லொக் நட்டுக்குத் தமிழ்: பூட்டுச் சுரையா, திறப்புச் சுரையா?

மடல் 1: மொழிபெயர்ப்பாளர், வெள்ளவத்தை

வணக்கம். டயர் கடையொன்றின் வாடிக்கையாளர் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். மற்றதெல்லாம் முடிந்து ஒரு சொல்லில் நிற்கிறது: அலோய் வீலுக்குப் போடும் லொக் நட். ஒவ்வொரு சில்லிலும் வழமையான நட் ஒன்றைக் கழற்றிவிட்டு இதைப் போடுவார்கள், காருக்கு நான்கு. தலையில் அறுகோணம் இருக்காது, வளைந்து நெளிந்த பள்ளம்தான் இருக்கும். அந்தப் பள்ளத்துக்கென்றே வார்த்த சிறு துண்டைச் செருகி, அதன்மேல் வீல் பிரேஸைப் போட்டால்தான் திரும்பும். "பூட்டுச் சுரை" (சுரை என்றால் நட்) என்று எழுதி வைத்திருக்கிறேன். போதுமா?

மடல் 2: மோட்டார் தொழில்நுட்பப் பயிற்றுநர், மருதானை

போதாது அக்கா. ஒரு நட்டின் மேல் இன்னொரு நட்டை வைத்து இறுக்குவதும், உள்ளே நைலோன் வளையம் வைத்த நட்டும் அதிர்வில் கழலாமல் பிடிப்பவை. பூட்டுச் சுரை என்றால் என் மாணவர்கள் அவற்றைத்தான் எடுத்து வருவார்கள். நீங்கள் சொல்வது கள்வனுக்காகப் போடுவது. அது தானாகக் கழல்வதைத் துளியும் தடுக்காது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், "பூட்டியிருக்கிறது, இனிக் கழலாது" என்று வாசகர் நினைப்பார்; 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடியபின் மறுபடி இறுக்கிப் பார்க்கவேண்டும் என்ற வரியைக் கடந்துபோய்விடுவார். அலுமினியக் கலப்புலோக ரிம்மில் அந்த வரிதான் முக்கியம். புதிதாகப் பூட்டிய சில்லு ஓடி அமரும்போது பிடிப்பு சற்றுத் தளரும்.

மடல் 3: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கொட்டாஞ்சேனை

பிள்ளை, முதலில் ஒற்றெழுத்தைப் பார்ப்போம். பூட்டு என்பதைப் பெயராகக் கொண்டால், வன்தொடர்க் குற்றியலுகரத்தின் பின் வல்லினம் மிகும்: பூட்டுச் சுரை. வினையடியாகக் கொண்டால் வினைத்தொகை, மிகாது: பூட்டுசுரை. பயிற்றுநர் தம்பி சொல்லும் இரண்டு பொருளையும் இந்த ஒரு ஒற்றாலேயே பிரிக்கலாம். தான் பூட்டிப் பிடிக்கும் சுரை பூட்டுசுரை; பூட்டை உடைய சுரை பூட்டுச் சுரை.

சுரை நல்ல சொல். உட்குழிவு என்பது அதன் அடிப்படை. சுரைக்காய்க்கும் அந்தப் பெயர், பாலைச் சொரியும் மடிக்கும் அந்தப் பெயர். தமிழகத்தார் எழுதும் மரையை எடுக்காதீர்கள். அது நட்டுக்கும் வரும், புரிக்கும் வரும், காட்டில் நிற்கும் விலங்குக்கும் வரும். இன்னும் பழமை வேண்டுமென்றால் தாழ் இருக்கிறது. "அன்பிற்கும் உண்டோ அடைக்கும் தாழ்" என்று குறளே கேட்கிறது. தாழ்சுரை என்றால் செவிக்கும் இனிது.

மடல் 4: உதிரிப்பாக வணிகர், பஞ்சிகாவத்தை

சேர், ஒரு ஒற்றெழுத்தை நம்பி யாரும் சில்லுக் கழற்றமாட்டார்கள். இங்கே சிங்களத்திலும் தமிழிலும் "லொக் நட்" என்றுதான் கேட்கிறார்கள். அதையே தமிழெழுத்தில் போடுங்கள். சொல்லை விட, கையேட்டில் பிழையில்லாமல் இருக்கவேண்டியவை வேறு.

முதலாவது, சரியான நட். டொயோட்டா, ஹொண்டா கார் பலதுக்கும் ஸ்டட், அதாவது நட் ஏறும் புரியாணி, 12 மில்லிமீற்றர்; புரி இடைவெளி 1.5 மில்லிமீற்றர். சுசுகிக்கும் நிசானுக்கும் பெரும்பாலும் 1.25. மாறிப் போட்டால் இரண்டு சுற்றுப் போய் இறுகும். அதற்குமேல் பலத்தைக் கொடுத்தால் ஸ்டட் போய்விடும். புரி சரியாக இருந்தாலும் ரிம்மில் அமரும் முகத்தைப் பார்க்கவேண்டும். ஹொண்டா கொம்பனி ரிம்முக்கு உருண்டை முகம், டொயோட்டா கொம்பனி அலோய் பலதுக்கு வாசர் வைத்த தட்டை முகம், வெளியில் வாங்கும் ரிம் பெரும்பாலும் 60 பாகைக் கூம்பு. உருண்டைக் குழியில் கூம்பைப் போட்டால் ஒரு மெல்லிய வளையம் மட்டும்தான் தொடும். இறுகியது போலக் காட்டிவிட்டு ஓட்டத்தில் தளரும்.

இரண்டாவது, இம்பெக்ட் கன், அதாவது அடித்தடித்துத் திருகும் விசைக் கருவி. லொக் நட்டை அதனால் தொடவே கூடாது. அந்தச் சிறு துண்டின் மெல்லிய விளிம்பு அடியில் நொறுங்கும், அல்லது பள்ளம் தேய்ந்து வழுக்கும். கழற்றும்போது சில்லு நிலத்தில் நிற்க, முதலில் லொக் நட்டைக் கையால் தளர்த்தவேண்டும். மற்ற நட்டுகளை முதலில் விட்டால் பாரம் இதன்மேல் வரும். பூட்டும்போது எதிரெதிர் ஒழுங்கில் எல்லாவற்றையும் இறுக்கி, இதைக் கடைசியில் டோர்க் ரென்ச்சால், அதாவது முறுக்கத்தை அளந்து இறுக்கும் ரென்ச்சால், முடிக்கவேண்டும். டொயோட்டா கார் பலதுக்கு 103 நியூட்டன் மீற்றர், ஹொண்டாவுக்கு 108. புரிக்கு எண்ணெய் பூசக்கூடாது; அதே அளவு முறுக்கத்தில் ஸ்டட் கூடுதலாக இழுபடும்.

மூன்றாவது, அந்தத் துண்டு. ஜப்பானில் ஓடிய கார் பல அது இல்லாமலே வருகின்றன. டிக்கியில் ஜக் இருக்கும் குழி, டாஷ்போர்ட் பெட்டி, கதவுப் பை எல்லாம் தேடவேண்டும். இல்லையென்றால் இடப்புரி வெட்டிய சொக்கெட்டை அடித்து இறக்கித் திருகுவார்கள், அல்லது மேலே ஒரு நட்டை வெல்ட் பண்ணுவார்கள். வெல்டிங் சூடு ரிம்மின் பூச்சைக் கெடுக்கும்.

மடல் 5: மொழிபெயர்ப்பாளர்

நன்றி அண்ணா. ஆனால் கையேட்டின் தலைப்பே "இதைப் பொருத்துவதா, வேண்டாமா?" என்பதுதான். அதற்கு என்ன எழுத?

மடல் 6: வணிகர்

இரவில் வீதியோரம் நிற்கும் காரில் நல்ல அலோய் இருந்தால் போடலாம். 2020 மார்ச்சில் இங்கே வாகன இறக்குமதி நின்று, 2025 பெப்ரவரியில்தான் கார்களுக்குத் திரும்பத் திறந்தார்கள். அந்த இடைவெளியில் பழைய ரிம்முக்கும் மதிப்பு ஏறியது. ஆனால் இது கள்வனைத் தாமதப்படுத்தும், தடுத்துவிடாது. இடப்புரி சொக்கெட் அவனிடமும் இருக்கும். வெளிவளையம் தனியாகச் சுழலும் வகை மேலானது. மேலே சொக்கெட்டை அடித்தாலும் வளையம் மட்டும் சுற்றும். கேற்றுக்குள் நிற்கும் இரும்பு ரிம் காருக்குத் தேவையில்லை. மழையில், இரவில், டயர் போன இடத்தில் துண்டு கையில் இல்லையென்றால் ஸ்பெயார் வீல் இருந்தும் பயனில்லை.

மடல் 7: பொறியியலாளர், தெஹிவளை

சொல்லுக்கான வழி மேலே உள்ள மடலிலேயே இருக்கிறது. எல்லாம் அந்தத் துண்டில்தான் தங்கியிருக்கிறது. அதை நாம் என்னவென்போம்? திறப்பு. வீட்டுக்கும் திறப்பு, காருக்கும் திறப்பு. அப்படியானால் இது திறப்புச் சுரை. அதோடு கூட வரும் அட்டையில் உள்ள எண் திறப்பு இலக்கம். மூன்றும் ஒரே குடும்பமாக நிற்கும். கழலாமல் பிடிக்கும் நட்டோடு குழம்பாது. திறப்பைத் தொலைக்காதே என்ற எச்சரிக்கையும் பெயருக்குள்ளேயே வந்துவிடும். திறப்பு வினையடி அல்ல என்பதால் வினைத்தொகைக் கேள்வியும் எழாது. ச் மிகும், ஒரே வடிவம்.

மடல் 8: தமிழாசிரியர்

உடன்படமுடியவில்லை. திறப்பு என்பது தொழிலாகுபெயராகத்தான் கருவியைக் குறிக்கிறது. நம் வழக்குக்கு வெளியே அதைத் திறப்புவிழாவாகத்தான் படிப்பார்கள். சென்னையிலிருப்பவர் "திறந்துவிடும் சுரை" என்று நேரெதிர்ப் பொருள் கொள்வார். 1936 இல் சென்னைச் சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் இலங்கையின் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர். இரு கரைக்கும் பொதுவான சொல் வேண்டுமென்ற எண்ணம் நமக்குப் புதிதல்ல. அதைக் கைவிடக்கூடாது.

மடல் 9: பயிற்றுநர்

ஐயா, இரு கரைக்கும் பொதுவென்றால் சில்லையும் விடவேண்டிவரும். அங்கே சில்லு என்றால் உடைந்த துண்டு, அல்லது கணினிக்குள் இருப்பது. சாவி என்று மாற்றினால் அது போர்த்துக்கேயச் சொல். இந்தத் தாளைப் படிக்கப்போகிறவர் கொழும்பில் டயர் மாற்றுகிறவர். அவர் திறப்பு என்ற சொல்லில் தடுமாறமாட்டார்.

மடல் 10: மொழிபெயர்ப்பாளர்

நேரம் முடிந்துவிட்டது. திறப்புச் சுரைக்கு மூவர், பூட்டுச் சுரைக்கும் தாழ்சுரைக்கும் ஐயா, லொக் நட்டுக்கு அண்ணா. முதல் வரியில் "லொக் நட் எனப்படும் திறப்புச் சுரை" என்று எழுதி, பிறகு திறப்புச் சுரை என்றே தொடர்கிறேன். "இது சில்லு தானாகக் கழல்வதைத் தடுக்காது, 50 முதல் 100 கிலோமீற்றருக்குள் மறுபடி இறுக்கிப் பாருங்கள்" என்பதைத் தனி வரியாகத் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன்.

மடல் 11: தமிழாசிரியர்

அந்தத் தடித்த வரிக்கு என் முழு ஆதரவு உண்டு, பிள்ளை. சொல்லுக்கு இல்லை. அடுத்த பதிப்பு வரும்போது தாழ்சுரையை மறுபடி எடுத்து வருவேன்.