போகிமான் கோல்டு கேசட்: பேட்டரி மாற்றினால் மதிப்பு போச்சா?

முத்திரை98:
பழைய கேம் பாய் கேசட்டுகளின் (நின்டெண்டோ கையடக்கக் கருவியின் கேம்கள்) விற்பனைப் பதிவில் "புது பேட்டரி போட்டது" என்று ஒரு வரி சேர்த்துவிட்டு விலையை ஏற்றிச் சொல்கிறார்கள். என் கணக்கில் அதற்கு விலை இறங்க வேண்டும். தொழிற்சாலையில் ஸ்பாட் வெல்டிங் செய்த தகடோடு பழைய பேட்டரி அப்படியே இருந்தால், போர்டில் யாரும் கை வைக்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. சால்டரிங் அயர்ன் பட்ட போர்டு பட்டதுதான், திரும்பப் பழையபடி ஆகாது. விளையாடித்தான் ஆகவேண்டும் என்பவருக்குக் கணினியிலேயே கேமை ஓட்டும் எமுலேட்டர் இருக்கிறது.

ஈயக்கம்பி:
சாட்சியாவது ஒண்ணாவது. கேம் பாய் கேசட்டைப் பூட்டி வைத்திருப்பது பின்பக்கத்துல ஒரே ஒரு திருகு. அதுக்குன்னே வர்ற 3.8 மி.மீ. கேம்பிட் திருப்புளி இருந்தா அரை நிமிஷத்துல திறந்து மூடலாம், தடம் தெரியாது.

கோல்டு, சில்வர், கிரிஸ்டல் மூணுலயும் கேமுக்குள்ள கடிகாரம் ஓடுது. நேரம் எண்ண போர்டுல 32.768 கிலோஹெர்ட்ஸ் குவார்ட்ஸ் கிரிஸ்டல் இருக்கும். சுவிட்சை அணைச்சாலும் கடிகாரத்தை ஓட்டுற எம்பிசி3 சிப் ராத்திரி பகலா அந்த பேட்டரியைக் குடிச்சுக்கிட்டே இருக்கும். அதனாலதான் 1998ல அமெரிக்காவுல வந்த, கடிகாரம் இல்லாத போகிமான் ரெட் இன்னும் பல இடத்துல சேவ் வச்சிருக்கு, 2000ல வந்த கோல்டு அதுக்கு முன்னாடியே படுத்துடுது. சேவ் (விளையாடின இடத்தோட பதிவு) இருக்கிறது எஸ்ரேம்ல, மின்சாரம் இருக்கிறவரைதான் அந்த மெமரி நினைவு வச்சிருக்கும். பேட்டரி போனா கடிகாரத்தோட சேவும் போச்சு. சேவ் ஆகாத போகிமான் கேசட்டுக்கு முழு விலை எதுக்கு?

முத்திரை98:
2021 ஜூலையில் ஹெரிடேஜ் ஏலத்தில் உறை பிரிக்காத செல்டா 8,70,000 டாலருக்குப் போனது. 1987 கேம், உள்ளே பேட்டரி உண்டு. அது உயிரோடு இருக்கிறதா என்று வாங்கியவர் கேட்டாரா? தொடாத பொருளுக்குத்தான் விலை.

பிக்சல்பாண்டி:
அண்ணே, உறை பிரிக்காத பெட்டிச் சந்தையை இங்க கொண்டு வராதீங்க. அது வேற ஊர். அங்க விலை போறது பிளாஸ்டிக் உறைக்கும் கேம்களோட நிலையைத் தரம் பிரிக்கிற வாட்டா நிறுவனம் கொடுத்த மதிப்பெண்ணுக்கும். ரெண்டு நாள் கழிச்சு அதே ஏலத்துல 15.6 லட்சம் டாலருக்குப் போன மாரியோ 64ல பேட்டரியே கிடையாது, சேவ் எல்லாம் பேட்டரி வேண்டாத இஇப்ராம் மெமரில. கேட்கிற கேள்வி பெட்டி இல்லாத வெறும் கேசட்டைப் பத்தி. அதை வாங்குறவன் முதல்ல பயப்படுறது போலிக்கு, ரெண்டாவது சேவ் ஆகுதான்னு. பேட்டரி யார் போட்டதுங்கிறது மூணாவதுதான்.

முத்திரை98:
போலி என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். பேட்டரி மாற்றியது என்றால் அசலைப் போலியிலிருந்து பிரிக்கும் ஓர் அடையாளம் குறைகிறதே?

ஈயக்கம்பி:
ஒண்ணு குறையுது, மத்ததெல்லாம் அங்கேயே இருக்கு. போர்டுல நின்டெண்டோ பேர் அச்சாகியிருக்கும். சிப் மேல தயாரிப்பு வாரம், வருஷம் குறிச்சிருக்கும், அது ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகணும். முன்பக்க ஸ்டிக்கரைச் சாய்ச்சுப் பிடிச்சா அழுத்திப் பதிச்ச எண் தெரியும். கருப்பு எபாக்ஸி பிசின் சொட்டுக்குள்ள சிப்பை மூடியிருந்தா போலிதான், மேல யோசிக்கவே வேண்டாம். பல போலிகள்ல கேமுக்குள்ள மணியே நகராது. இது எதுக்கும் பழைய பேட்டரி தேவையில்லை. சொல்லப்போனா, "திறக்கவே இல்லை"ன்னு போர்டு படம் காட்ட மறுக்கிறவன்கிட்டதான் எனக்குச் சந்தேகம் அதிகம்.

இன்னொரு ஏமாத்து வேலை: பேட்டரி செத்த கோல்டுலயும் "சேவ் ஆயிடுச்சு"ன்னு திரையில வரும், ஏன்னா அந்த நேரத்துல மின்சாரம் கொடுக்கிறது கேம் பாய். வீடியோவுல அதோட நிறுத்திடுவாங்க. அணைச்சு, கேசட்டை வெளியே எடுத்து, ஒரு மணி நேரமாவது கழிச்சுப் போட்டுக் காட்டச் சொல்லுங்க.

நடுப்பக்கம்:
மாற்றுவது சரி. பெரும்பாலோர் மாற்றும் லட்சணத்தைப் பார்த்தால் முத்திரை சொல்வதில் பாதி நியாயம். பேட்டரித் தகட்டைப் பிடித்து இழுத்தால் போர்டிலிருந்து, தகட்டை ஈயம் வைத்து ஒட்டியிருக்கும் செம்புப் பேட் உரிந்து வந்துவிடும். மைனஸ் பக்கப் பேட் போர்டின் பெரிய கிரவுண்ட் செம்புப் பரப்போடு சேர்ந்திருப்பதால் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும், சீக்கிரம் இளகாது. அங்கேதான் அவசரப்பட்டு நெம்புகிறார்கள். அயர்ன் முனை 350 டிகிரி, ஈயம் நன்றாக ஓட கொஞ்சம் ஃபிளக்ஸ், பழைய ஈயத்தின் மேல் புது ஈயம் கொஞ்சம் சேர்த்தால் இரண்டு மூன்று விநாடியில் தகடு தானாக மிதக்கும். போர்டில் பிளஸ் மைனஸ் அச்சிட்டிருக்கும், கழற்றுமுன் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

வாங்க வேண்டியது தகடு வைத்தே வரும் சிஆர்2025 பட்டன் பேட்டரி. சாதா பேட்டரி மேல் நேராக ஈயம் வைக்கக் கூடாது, உள்ளே சூடேறி வீங்கும், வெடிக்கவும் வாய்ப்புண்டு. பழைய தகட்டுக்கு நடுவில் பேட்டரியைச் செருகி டேப் ஒட்டுவதும் வேண்டாம். கேசட்டைக் கீழே போட்டால் தொடர்பு விடும், விட்ட நொடியில் சேவ் காலி. கூடுதல் நாள் வரும் என்று சிஆர்2032 போடுவோர் 0.7 மி.மீ. தடிமன் கூடுவதை மறந்துவிடுகிறார்கள், மூடி பேட்டரியை அழுத்தியபடி உட்காரும்.

பிக்சல்பாண்டி:
உள்ள இருக்கிற பழைய சேவ்? பேட்டரி சாகாம இருந்தா அதுவும் ஒரு மதிப்புதானே.

நடுப்பக்கம்:
ஜிபிஎக்ஸ்கார்ட் மாதிரி ஒரு ரீடரில் போட்டு சேவைக் கணினிக்கு எடுத்துவிட்டு, மாற்றியபின் திரும்ப எழுதலாம். கேம் பாயை ஓடவிட்டு, திறந்த கேசட்டில் பேட்டரி மாற்றும் வித்தையும் உண்டு. பிளஸ் தகடு பக்கத்தில் எதையாவது தொட்டால் சேவோடு சிப்பும் போகலாம். ரீடர் விலை அதைவிடக் குறைவு.

முத்திரை98:
அப்படியானால் அடுத்து வந்த போகிமான் ரூபி, சஃபையர், எமரால்டு? அதையும் திறக்கச் சொல்வீர்களா?

ஈயக்கம்பி:
இல்லை. அங்க உங்க கட்சிதான் நான். அதுல சேவ் ஃபிளாஷ் மெமரில இருக்கு, பேட்டரி கடிகாரத்துக்கு மட்டும். உள் பேட்டரி தீர்ந்ததுன்னு தொடக்கத்துல ஒரு செய்தி வரும், கேம் வழக்கம்போல ஓடும். அதோட, புது பேட்டரி போட்டதும் கடிகாரம் ஆரம்பத்துக்குப் போயிடும். பழைய சேவ்ல பதிவான நேரம் அதைவிடப் பிந்தினதா இருக்கும். கடிகாரம் அதை எட்டிப் பிடிக்கிறவரை கேமுக்குள்ள நடுற பெர்ரிச் செடி வளராது. வேலை கெட்டுப்போச்சுன்னு வாங்கினவன் சண்டைக்கு வருவான். விற்கிறதுக்காக அதைத் திறக்காதீங்க.

முத்திரை98:
சரி, கோல்டு வரிசைக்கு மட்டும் ஒரு படி இறங்குகிறேன். போர்டின் இரண்டு பக்கப் படம், ஈயம் வைத்த இரண்டு இடத்தின் நெருங்கிய படம், மாற்றிய மாதம், வருடம் எழுதியிருந்தால் வேலை செய்யும் கேசட் விலை. பேட் உரிந்து கம்பி ஓட்டியிருந்தாலோ டேப் இருந்தாலோ உதிரிபாக விலை. கழற்றிய பழைய பேட்டரியையும் பையில் போட்டுத் தரவேண்டும்.

பிக்சல்பாண்டி:
செத்த பேட்டரியை வச்சு என்ன செய்யப்போறீங்க, படையலா? 😄

முத்திரை98:
அதன் மேல் தயாரிப்பாளர் பெயர் இருக்கும், தகட்டில் வெல்டிங் புள்ளிகள் இருக்கும். எனக்கு அது போதும்.

ஈயக்கம்பி:
தர்றேன். ரெண்டு பக்கமும் டேப் ஒட்டித்தான் தருவேன், கேசட்டோட ஒரே பையில போட மாட்டேன். கசிஞ்சா ஸ்டிக்கர் போயிடும், அப்புறம் அதுக்கு ஒரு இழை ஆரம்பிப்பீங்க.