இட்லிப் பொடி லேபிள் அச்சில் பல்பொடியாகிவிட்டது: எங்கே தவறினேன்?

கட்டமும் கோடும் (மதுரை) – கேள்வி

அனைவருக்கும் வணக்கம். பன்னிரண்டு ஆண்டுகளாக மதுரையில் வரைகலை வடிவமைப்பு செய்து வருகிறேன். திருமண அழைப்பிதழ், துணிக்கடைத் தள்ளுபடி விளம்பரம், பள்ளி ஆண்டு மலர் என்று வந்த வேலையைச் செய்து கொடுப்பதிலேயே நாள் போய்விடுகிறது என்றாலும், சாப்பாட்டைப் பார்த்துவிட்டால் மட்டும் இந்தத் தொழில்கண் தூங்க மறுக்கிறது. பந்தியில் உட்கார்ந்தால், நுனி இடப்பக்கம் வரும்படி போட்ட இலையில் நடு நரம்புக்கு மேலே உப்பு, ஊறுகாய், கூட்டு, பொரியல் எல்லாம் அளவாக அமர, கீழ்ப்பாதி முழுவதும் சோற்றுக்காகக் காத்துக் கிடப்பதைப் பார்த்து, இதைவிட ஒழுங்கான பக்க அமைப்பை நான் கணினியில் ஒருநாளும் செய்ததில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

அந்தக் கண்ணை நம்பித்தான் இப்போது சிக்கலில் மாட்டியிருக்கிறேன். என் பெரியம்மா வீட்டிலேயே இட்லிப் பொடி இடித்து, 100 கிராம் கண்ணாடிப் பாட்டில்களில் விற்கத் தொடங்கியிருக்கிறார். லேபிள் என் பொறுப்பு. ஒரு காலையில் சன்னலோரமாக எவர்சில்வர் தட்டில் பொடியைக் குவித்து, நடுவே விரலால் குழி செய்து நல்லெண்ணெய் ஊற்றிப் படமெடுத்தேன். குழியின் விளிம்பில் பொடி நனைந்து கருஞ்சிவப்பாகி, வெளியே போகப் போக உலர்ந்த செம்மஞ்சளாக வெளுத்து, இடையிடையே எள் பளபளத்தது. திரையில் பார்த்தபோது எனக்கே பசித்தது. வீட்டுத் தயாரிப்பு என்ற உணர்வு வரட்டும் என்று பழுப்பு நிறக் கிராஃப்ட் காகிதத்தைத் தேர்ந்தெடுத்து, இலையைப் போலவே சின்னச் செய்திகளை எல்லாம் மேலே வைத்து, கீழ்ப்பாதியை வெறுமையாக விட்டு, டிஜிட்டல் அச்சில் 500 லேபிள்கள் எடுத்தேன்.

வந்தது செங்கல் தூள். எண்ணெயின் மினுக்கம் மண்ணாகிவிட்டது, பொடி சாம்பல் பூத்துக் கிடக்கிறது. பெரியம்மா ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "ஏம்மா, நாம பல்பொடியா விக்கப் போறோம்?" என்று கேட்டார். இது போதாதென்று, கருஞ்சிவப்புப் பட்டையில் வெள்ளை எழுத்தாக 5 பாயிண்டில் வைத்த பொருள் பட்டியலில் புள்ளிகள் அடைபட்டு, 'எள்' என்பது 'எள' ஆகவும் 'உப்பு' என்பது 'உபபு' ஆகவும் நிற்கின்றன. தவறு அச்சகத்துடையதா, என்னுடையதா? இதையே திருத்திக் காப்பாற்ற வழி உண்டா, அல்லது முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?

நாலு கலர் (சிவகாசி)

அம்மா, அச்சகத்தின் தவறு ஒன்றுதான்: அதே தாளில் ஒரு புரூஃப் (மாதிரி அச்சு) எடுத்துக் காட்டாமல் 500 பிரதியையும் ஓட்டியிருக்கிறார்கள். மற்றதெல்லாம் தாளைத் தேர்ந்தெடுத்தபோதே நடந்துவிட்டது.

வழக்கமான அச்சு மை ஒளியை ஊடுருவ விடும் தன்மை கொண்டது. சயான் (பச்சை கலந்த நீலம்), மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு), மஞ்சள், கறுப்பு என்ற நான்கில் வெள்ளை கிடையாது. அச்சில் நாம் வெள்ளை என்று பார்ப்பது மை படாமல் விட்ட காகிதத்தைத்தான். திரையில் நீங்கள் ரசித்த எண்ணெயின் மினுக்கம் அப்படி மை படாத இடம் என்பதால், கிராஃப்ட் தாளில் அங்கே தாளின் பழுப்பு எட்டிப் பார்க்கும். மற்ற நிறங்களும் அதே பழுப்பின் வழியாகத் தெரிவதால் படம் முழுவதும் மண் பூசியது போலாகிவிடும். வெள்ளை மையை முதலில் அடியில் பூசி, அதன்மேல் நான்கு நிறமும் அடிக்கும் டிஜிட்டல் இயந்திரங்கள் இருக்கின்றன. ஆனால் 100 கிராம் பொடிக்கு அந்தச் செலவு கட்டுமா என்று உங்கள் பெரியம்மாவைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று சயான். படத்தை ஆர்ஜிபியிலிருந்து (திரையின் சிவப்பு, பச்சை, நீலக் கணக்கு) சிஎம்ஒய்கேவுக்கு (அச்சின் நான்கு நிறக் கணக்கு) மென்பொருளே மாற்றும்போது, இருண்ட பகுதிகளைக் காட்டச் சயானையும் தாராளமாகச் சேர்த்துவிடும். சிவந்த உணவில் சயான் கூடினால் அது ஆறி அவலாகிப்போன பண்டம் போலத்தான் தெரியும். மென்பொருளில் நிற அளவைக் காட்டும் கருவியை வைத்து அளந்து பாருங்கள். பொடியின் வெளிச்சமான இடங்களில் சயான் ஏறக்குறைய இல்லாமலும், நிழல்களில் சயானைக் குறைத்து அந்த இருளைக் கறுப்பு தருமாறும் அமைத்தால், வெள்ளைக் குரோமோ ஸ்டிக்கரில் (பூச்சுள்ள வழவழப்பான ஒட்டுத்தாள்) ஓரளவுக்கு உங்கள் திரைக்கு அருகில் வரும். ஓரளவுக்குத்தான், திரை தானே ஒளி விடுவது, காகிதம் விழுந்த ஒளியைத் திருப்பித் தருவது. அந்தச் செம்மஞ்சளின் முழு வீச்சு நான்கு நிறத்தில் கிடைக்காது.

எழுத்து அடைபட்டதற்கும் இதே கதைதான். கருஞ்சிவப்பை மூன்று நான்கு நிறங்களைக் கலந்து அமைத்திருப்பீர்கள். அதில் வெள்ளை எழுத்து தெரிய வேண்டுமானால் எல்லா நிறமும் ஒரே இடத்தில் துல்லியமாக விலக வேண்டும். தகடு இல்லாத டிஜிட்டல் இயந்திரத்திலும் இம்மி அளவு ரெஜிஸ்டர் விலகல், அதாவது நிறங்கள் ஒன்றின்மேல் ஒன்று சரியாகப் பொருந்தாமை, உண்டு, அந்த இம்மியில் முதலில் பலியாவது புள்ளிதான். சின்ன எழுத்தை வெளிர் பின்னணியில், 100 சதவீதக் கறுப்பு ஒன்றில் மட்டும் வையுங்கள்.

கிராஃப்ட் தாளை விட மனமில்லை என்றால் படத்தை விட்டுவிடுங்கள் என்பது என் யோசனை. எங்கள் ஊரைப் பாருங்கள்: 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்த பிறகு, அந்தத் தொழிலோடு லேபிள் அச்சும் சேர்ந்துதான் இங்கே வளர்ந்தது. தீப்பெட்டி லேபிளில் ஒரே ஓர் உருவம், சில தட்டையான நிறங்கள், அழுத்தமான கோடு என்று வைத்ததாலேயே, படிக்கத் தெரியாதவரும் படத்தின் பெயரைச் சொல்லிப் பெட்டி வாங்க முடிந்தது. பழுப்புத் தாளில் கறுப்பு ஒன்றை மட்டும் ஓட்டினாலும் நிற்கும்படி ஓர் உரலையோ மிளகாயையோ வரைந்து பாருங்கள்.

துதிக்கை லை (கும்பகோணம்)

அச்சைப் பற்றி நண்பர் சொல்லிவிட்டார். நான் எழுத்துகளோடு வாழ்பவன். ஆனால் அதற்கு முன் அந்த இலையைப் பற்றி ஒரு மாற்றுக் கருத்து.

பந்தி இலையை யாரும் ஒரே பார்வையில் படித்து முடிப்பதில்லை. கீழ்ப்பாதி காலியாக இருப்பது, பருப்பும் நெய்யும், சாம்பாரும், ரசமும், மோரும் ஒன்று போய் ஒன்று அங்கே வரப்போகிறது என்பதால்தான். அந்த வெறுமையில் ஓர் எதிர்பார்ப்பு இருக்கிறது. கடை அலமாரியில் நிற்கும் பாட்டிலுக்கு யாரும் எதையும் பரிமாற வரப்போவதில்லை என்பதால், உங்கள் லேபிளின் கீழ்ப்பாதி பரிமாற மறந்த இலையாகத் தெரிகிறது. இலையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறொன்று என்று நினைக்கிறேன். பழகிய பந்தியில், பேசிக்கொண்டே சாப்பிடுபவரின் கை குனிந்து பாராமலே உப்பைத் தொட்டுவிடும், ஏனென்றால் அதன் இடம் மாறுவதில்லை. நாளைக்குப் பெரியம்மா பருப்புப் பொடி, கொள்ளுப் பொடி, கறிவேப்பிலைப் பொடி என்று விரித்தால், பெயர், எடை, விலை, தேதி ஆகிய ஒவ்வொன்றும் எல்லா லேபிளிலும் அதே இடத்தில் இருக்க வேண்டும்.

அப்படி விரிவதை இப்போதே எண்ணிப் பெயர்ப் பட்டையின் உயரத்தை முடிவு செய்யுங்கள். 'இட்லிப் பொடி' என்ற பெயரில் கொம்பும் சுழியும் புள்ளியும் எல்லாம் மேலேயும் பக்கவாட்டிலும்தான். எழுத்து உட்காரும் அடிக்கோட்டுக்குக் கீழே அதிகம் இறங்க எதுவுமில்லை. 'பருப்புப் பொடி' வந்தவுடன் ரு, பு இரண்டும் கீழே இறங்கும், 'கொள்ளு'வில் ளு இறங்கும். அன்றைக்குப் பட்டையை மாற்றினால் லேபிள் குடும்பம் கலைந்துவிடும். சின்ன எழுத்துக்கும் இதுவே பொருந்தும்: ரோமன் எழுத்தை நினைத்து மென்பொருள் தானாக வைக்கும் வரி இடைவெளி தமிழுக்குப் போதாது, எழுத்தளவைப் போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கொடுங்கள். நீண்ட சொல்லை உடைக்க நேர்ந்தால் புள்ளி எழுத்து அடுத்த வரியின் தொடக்கத்தில் வந்து நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அச்சகத்துக்கு அனுப்புமுன் எழுத்தைக் கோட்டுருவமாக (எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவமாக) மாற்றிவிடுவதும் நல்லது. இந்திய மொழி அமைப்பு இயக்கப்படாத மென்பொருளில் திறந்தால் 'பொ' சிதறி, கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று நிற்பதை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

பெரியம்மாவின் கையெழுத்தையே பெயராக வையுங்கள் என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். பந்துமுனைப் பேனாவில் எழுதியதைப் பெரிதாக்கித் தடிப்பாக்கினால் அது அவர் கையெழுத்தாகவும் இராது, நல்ல எழுத்துருவாகவும் இராது. அதே போல, கறிவேப்பிலைப் பொடிக்கு வரும்போது 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய துதிக்கை வைத்த லையைப் போட ஆசை வரும்; எனக்கு அந்த ஆசை எவ்வளவு என்பது என் பெயரிலேயே தெரியும். இருந்தாலும் இன்றைய கல்லூரி மாணவர் ஒரு நொடி தடுக்கி விழுந்துதான் அதைப் படிப்பார், அந்த ஒரு நொடியில் அடுத்த பாட்டிலுக்குப் போய்விடுவார்.

உரலும் உலக்கையும் (திருநெல்வேலி)

நான் வடிவமைப்பாளர் அல்ல. ஒன்பது ஆண்டுகளாகப் பொடி விற்கிறேன். உங்கள் கேள்வியைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, கோபித்துக்கொள்ளாதீர்கள். கண்ணாடிப் பாட்டிலில் உண்மையான பொடியை வைத்து, அதன்மேல் காகிதத்தைச் சுற்றி மறைத்து, அந்தக் காகிதத்தில் பொடியின் படத்தை அச்சிட்டிருக்கிறீர்கள். வாங்க வருபவர்கள் என் கடையில் முதலில் செய்வது பாட்டிலைச் சாய்த்து, எள் எவ்வளவு, மிளகாய் எவ்வளவு, கொரகொரப்பாக இருக்கிறதா, மாவாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான். லேபிளின் இரண்டு ஓரங்களும் ஒட்டாமல் இரண்டு விரல் அகலம் இடைவெளி விட்டால் போதும். அதற்கு மேல் திறந்து வைக்க வேண்டாம். எள்ளும் பருப்பும் எண்ணெய்ச் சத்து உள்ளவை, வெளிச்சம் படப்படக் காறல் வாடை சீக்கிரம் வந்துவிடும்.

லேபிளில் உள்ள விவரங்கள் எல்லாம் தமிழில் மட்டும் இருப்பதாகத் தெரிகிறது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருந்தாக வேண்டும். தமிழைக் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம். பொருள்களை எடை அதிகமானது முதலில் வருமாறு எழுத வேண்டும், ஆகவே உளுந்து அதிகமானால் உளுந்துதான் முதலில். பெருங்காயம் மணக்கிறது என்பதற்காக முன்னால் வர முடியாது. 14 இலக்க உரிம எண், நிகர எடை, விலை, தொகுதி எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, முகவரி இவற்றோடு சைவக் குறியும் வேண்டும். முகப்புப் பரப்பு 100 சதுர சென்டிமீட்டர் வரை இருந்தால் பச்சை வட்டம் குறைந்தது 3 மில்லிமீட்டர் விட்டமும், சுற்றியுள்ள சதுரத்தின் பக்கம் அதைப் போல் இரு மடங்கும் இருக்க வேண்டும். அழகுக்காக அந்தப் பச்சையை உங்கள் கருஞ்சிவப்பாக மாற்றிவிடாதீர்கள். என் முதல் லேபிளைச் செய்து கொடுத்தவர் அப்படித்தான் செய்தார், அந்தக் கட்டு முழுவதும் வீணாயிற்று.

தேதி முத்திரைக்கு லேமினேஷன் படாத ஒரு வெள்ளைக் கட்டம் கட்டாயம் விடுங்கள். பளபளப்பான மேற்பரப்பில் முத்திரை மை உலராமல், எண்ணெய்க் கை பட்டவுடன் இழுத்துக்கொண்டு போகும்.

கட்டமும் கோடும் (மதுரை)

மூவருக்கும் நன்றி. பாட்டிலுக்குள் பொடி இருக்கிறது என்பதைப் பன்னிரண்டு ஆண்டு அனுபவம் உள்ள நான் கவனிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ளச் சற்று வெட்கமாகத்தான் இருக்கிறது. படத்தை எடுத்துவிட்டேன். வெள்ளைக் குரோமோ ஸ்டிக்கரில் அகலமான கருஞ்சிவப்புப் பட்டை, அதில் பெயர் மட்டும் பெரிதாக. கீழே வெள்ளையில் கறுப்பு எழுத்து 7 பாயிண்டில். வலது ஓரத்தில் தேதிக் கட்டம். 'பருப்புப் பொடி', 'கொள்ளுப் பொடி' இரண்டையும் அதே பட்டையில் இட்டுப் பார்த்துத்தான் உயரத்தை நிறுத்தினேன். இம்முறை பத்து மட்டும் அச்சிட்டு ஒட்டிப் பார்த்தோம். 'எள்' புள்ளியோடு வந்துவிட்டது.

புதிதாக ஒரு தொல்லை: நாங்கள் விட்ட இடைவெளியில் கண்ணாடியின் உட்பக்கம் மூட்டம் போட்டு, பொடி அப்பிக்கொண்டு எதுவும் தெரியவில்லை. பாட்டிலை மாற்ற வேண்டுமா?

உரலும் உலக்கையும் (திருநெல்வேலி)

பாட்டிலில் தவறு இருக்காது. வறுத்த சூட்டோடு இடித்து, வெதுவெதுப்பு அடங்குமுன் அடைத்திருப்பார்கள். அந்த ஆவிதான் கண்ணாடியில் வியர்த்துப் பொடியைப் பிடித்துக்கொள்கிறது, விட்டால் கட்டியும் தட்டும். இடித்த பொடியை அகலமான தட்டில் பரப்பி, அடிவரை நன்றாக ஆறிய பிறகு, ஈரமே இல்லாத பாட்டிலில் அடைக்கச் சொல்லுங்கள். லேபிளை அடைத்த பிறகு ஒட்டாமல், வெறும் பாட்டிலிலேயே முதல் நாள் ஒட்டி வையுங்கள், கோணாமல் வரும்.