‘பட்டர்’ நாவலில் உங்களை இன்னும் விடாத இடம் எது?

மழைக்குருவி:
ஜப்பானிய எழுத்தாளர் அசாகோ யுசுகியின் ‘பட்டர்’ நாவலை முடித்துப் பல வாரங்கள் ஆகின்றன. பத்திரிகையாளர் ரிக்கா வெண்ணெய்ச் சோற்றை உண்ணும் இடம் மட்டும் இன்னும் என்னை விடவில்லை. ஆண்களைக் கொன்ற குற்றச்சாட்டில் டோக்கியோ சிறையில் இருக்கும் கஜி என்ற பெண் சொல்லிக்கொடுத்தபடி, ஆவி பறக்கும் சோற்றின்மேல் குளிர்பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த வெண்ணெய்த் துண்டை வைத்து, சிறிது சோயா சாஸ் விட்டு, அது கரைந்து போவதற்குள் வாயில் இடுகிறாள். தனக்கு என்ன பிடிக்கும் என்று யோசிக்கவும் நேரமின்றி வேலை வேலையென்று ஓடிய பெண் ரிக்கா. பிறகு எடை கூடியதைக் காதலன் மகோதோ சுட்டிக்காட்டியபோது எனக்கு ஆத்திரமாக வந்தது. அவன் ஒருவன் ஒழுங்காக இருந்திருந்தால் அவளுக்கு அத்தனை மனவேதனை வந்திருக்காது.

அந்திவானம்:
மகோதோ ஒருவன்மீது பழியைப் போடுவதை என்னால் ஏற்க இயலவில்லை. நான் டோக்கியோவில் வேலை பார்க்கிறேன். 2008 முதல் இங்கே 40 வயதிலிருந்து 74 வரையுள்ளோருக்கு நடக்கும் ஆண்டு உடல்நலப் பரிசோதனையில் இடுப்பைச் சுற்றி நாடா பிடித்து அளக்கிறார்கள். எல்லை பெண்களுக்கு 90 செ.மீ., ஆண்களுக்கு 85. நாவலைப் படித்துக்கொண்டிருந்த நாள்களில்தான் என் முறையும் வந்தது. செவிலியர் கனிவாகத்தான் பேசினார். ஆனாலும் எனக்கு முன்னால் நின்ற பெண், நாடா இடுப்பில் பட்டதும் கண்களை இறுக மூடிக்கொண்டதை மறக்க முடியவில்லை. கதைக்குத் தூண்டுதலான கனாயே கிஜிமா வழக்கையும் நினைத்துப் பாருங்கள். மூன்று ஆண்களைக் கொன்றதாக 2012இல் சைத்தாமா நீதிமன்றம் அவருக்கு மரண தண்டனை விதித்தது. ஊடகங்களோ, இத்தனை பருமனான பெண்ணை ஆண்கள் எப்படி விரும்பினார்கள் என்றே ஆராய்ந்துகொண்டிருந்தன.

பனைநிழல்:
கஜியைச் சமூகக் கட்டுப்பாடுகளை உதறிய பெண்ணாக யாரும் எண்ணிவிடக் கூடாது. பெண்ணியவாதிகளையும், வெண்ணெய்க்கு மாற்றாக விற்கும் மார்கரினையும் பொறுக்கவே முடியாது என்பவள் அவள். எனக்குப் பிடித்தது, ரிக்கா இறுதியில் வான்கோழி சமைத்துத் தன் மனிதர்களைச் சாப்பிட அழைக்கும் இடம். அந்த விருந்தில் யாரையும் கவர வேண்டிய கட்டாயம் அவளுக்கு இல்லை.

வெண்ணெய்ச் சோற்றைச் செய்து பார்க்க விரும்புவோர் பொன்னி அரிசியில் செய்ய வேண்டாம். சோறு உதிரியாக நிற்பதால் உருகிய வெண்ணெய் அடியில் இறங்கிவிடும். குட்டையான ஜப்பானிய அரிசியை நன்கு களைந்து, அரை மணி நேரம் ஊறவைத்து, கஞ்சி வடிக்காமல் நீர் வற்றச் சமைத்து, பத்து நிமிடம் மூடியே வையுங்கள். உப்பிட்ட வெண்ணெய் என்றால் சோயா சாஸைச் சில சொட்டுகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நெய் மணமாக இருந்தாலும் இதற்கு மாற்றாகாது. சூடான சோற்றுக்கு நடுவே குளிர்ந்த துண்டு நாவில் படுவதற்காகத்தான் இந்த உணவே.