மைக்ரோவேவ் வாங்குமுன் பாத்திரத்தை அளந்துவிடுங்கள்

எங்கள் வீட்டில் இருப்பது சோலோ, அதாவது மைக்ரோவேவ் மட்டும் உள்ள சாதாரண வகை. அக்கா வீட்டில் கன்வெக்‌ஷன். இரண்டிலும் சமைத்துப் பழகியதால் சொல்கிறேன்.

அக்கா கேக்குக்காகவே கன்வெக்‌ஷன் வாங்கினாள். சூடேறும் சுருளும் மின்விசிறியும் உள்ளே இருப்பதால் கேக் மேலே நன்றாகச் சிவந்து வரும், அதில் குறையே இல்லை. ஆனால் அந்த ஆர்வம் ஒரு வருஷம் தாங்கியது. இப்போது பால் சுடவைக்கத்தான் அது ஓடுகிறது. இடையில் ஒருநாள் அவள் மகன் கன்வெக்‌ஷன் பட்டனை அழுத்தி, மைக்ரோவேவில் வைக்கலாம் என்று போட்டிருந்த பிளாஸ்டிக் டப்பாவை உருக்கிவிட்டான். மைக்ரோவேவில் சூடாவது பெரும்பாலும் உணவுதான். கன்வெக்‌ஷனில் உள்ளிருக்கும் காற்றே 200 டிகிரிக்குப் போகும், பிளாஸ்டிக் என்ன செய்யும்? பேக்கிங் உண்மையிலேயே செய்பவர்கள் மட்டும் அதற்குக் காசு கொடுங்கள்.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது இன்வெர்ட்டர். கரண்ட் போனால் ஓடும் இன்வெர்ட்டர் இல்லை, மைக்ரோவேவுக்குள்ளேயே சக்தியைக் கூட்டிக் குறைக்கும் பகுதி. சாதாரண மாடலில் சக்தியை 50 சதவீதம் என்று வைத்தால், மைக்ரோவேவ் அலையை உண்டாக்கும் மேக்னட்ரான் பாதிச் சக்தியில் ஓடாது. முழுச் சக்தியில் சில நொடி ஓடும், அப்புறம் சில நொடி நிற்கும். காதைக் கொடுத்தால் அந்த உறுமல் விட்டு விட்டு வருவது கேட்கும். உறைந்த இறைச்சியை வைக்கும்போதுதான் இதன் தொல்லை தெரியும். பனிக்கட்டி மைக்ரோவேவை அதிகம் உறிஞ்சாது, தண்ணீர் நன்றாக உறிஞ்சும். ஓரம் கொஞ்சம் உருகியதும் சூடெல்லாம் அங்கேயே போய், ஓரம் வெந்துவிடும், நடுவில் கட்டி அப்படியே இருக்கும். இன்வெர்ட்டர் குறைந்த சக்தியிலேயே தொடர்ந்து ஓடுவதால் இது வெகுவாகக் குறைகிறது. ஃப்ரீசரை நம்பிச் சமைக்கிற வீடு என்றால் யோசிக்கவே வேண்டாம்.

வாட் பார்க்கும்போது எந்த வாட் என்று கேளுங்கள். பெட்டியில் பெரிதாக 1200 என்று இருந்தால் அது இழுக்கும் மின்சாரமாக இருக்கலாம். சமையலுக்கு வருவது 800தான் இருக்கும். சமையல் குறிப்புகளில் வரும் நிமிடக் கணக்கு இந்த இரண்டாவது எண்ணை வைத்துத்தான்.

லிட்டர் கணக்கும் அப்படித்தான், பாதி ஏமாற்று. எங்கள் சதுரக் கண்ணாடிப் பாத்திரம் உள்ளே தாராளமாக நுழையும், ஆனால் சுழலும்போது மூலை சுவரில் இடித்து நின்றுவிடும். பாத்திரத்தை மூலைக்கு மூலை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள்.

கதவையும் பாருங்கள். பெரும்பாலும் கீல் இடதுபக்கம் இருக்கும். அந்தப் பக்கம் சுவர் ஒட்டியிருந்தால் கதவு முழுதாகத் திறக்காது.

சுழலும் தட்டே இல்லாத மாடல் வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால், சூடு சீராக ஏறுகிறதா என்று எழுதுங்களேன்.