தட்டச்சு வேகம் சரி, மெனுவைத் தொட்டால் மட்டும் எக்செல் உறைகிறது

கட்டம்போட்டசட்டை:

வணக்கம். இரண்டு வாரமாக ஒரு விசித்திரமான தொல்லை. எண் அடிப்பது, உருட்டுவது, ஃபார்முலா போடுவது எல்லாம் வழக்கம்போல வேகமாகத்தான் இருக்கிறது. மேலே மெனுவில் கை வைத்தால் போச்சு. பேஜ் லேஅவுட்டைக் கிளிக் செய்தால் ஆறேழு விநாடி அப்படியே நிற்கிறது. ஃபைல் போய் பிரின்ட் கொடுத்தால் அதைவிட மோசம், தலைப்பில் 'நாட் ரெஸ்பாண்டிங்' வந்து, சரி மூடிவிடலாம் என்று நான் கையை எடுத்துப் போகும்போது ஒன்றுமே நடக்காத மாதிரி திரும்பி வருகிறது. ரைட் கிளிக் மெனுவும் தாமதம்தான், ஆனால் அது தினமும் வேலை செய்யும் ஒரு பெரிய ஃபைலில் மட்டும்.

மடிக்கணினி புதியதுதான், 16 ஜிபி ராம், எஸ்எஸ்டி, விண்டோஸ் 11. ஆபிஸை அழித்து மறுபடி நிறுவியும் பார்த்துவிட்டேன். ராமைக் கூட்டு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், கேட்ட இடமெல்லாம் அதையேதான் சொல்கிறார்கள்.

நீலத்திரை:

ஏதாவது ஆட்-இன், அதாவது எக்செலோடு சேர்ந்து ஓடும் கூடுதல் நிரல், அதன் வேலையாக இருக்கும். கன்ட்ரோலை அழுத்திக்கொண்டே எக்செலைத் திறங்கள், சேஃப் மோடில் (ஆட்-இன் எதுவும் இல்லாமல்) திறக்கவா என்று கேட்கும், ஆம் கொடுங்கள். அதில் ஒழுங்காக ஓடினால் ஆட்-இன்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தால் ஆள் மாட்டிவிடுவான்.

கட்டம்போட்டசட்டை:

பார்த்தேன். சேஃப் மோடிலும் அதே ஆறு விநாடி.

வட்டச்சுட்டி:

அப்படியென்றால் ஆட்-இன் மேல் பழி போட வேண்டாம். எதையும் மாற்றுவதற்கு முன்னால் ஒன்று பாருங்கள், இதைப் பார்க்காமல் மறு நிறுவல் வரைக்கும் போனதுதான் எனக்கு வருத்தம்.

டாஸ்க் மேனேஜரை ஓரமாகத் திறந்து வைத்துக்கொண்டு பேஜ் லேஅவுட்டைக் கிளிக் செய்யுங்கள். உறைந்து நிற்கும் அந்த ஆறு விநாடியில் எக்செல் எவ்வளவு சிபியு எடுக்கிறது? பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் அது எந்த வேலையும் செய்யவில்லை, யாரிடமோ ஏதோ கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்து நிற்கிறது. அந்த நிலையில் ராமைக் கூட்டினாலும் புது கணினியே வாங்கினாலும் அதே ஆறு விநாடிதான். மாறாக, சிபியுவில் உள்ள கோர்களில், அதாவது கணக்குப் போடும் பிரிவுகளில், ஒன்று முழுக்க ஓடினால் அது நிஜமாகவே எதையோ கணக்குப் போடுகிறது அல்லது வரைகிறது. டாஸ்க் மேனேஜர் எல்லாக் கோரையும் சேர்த்துச் சதவீதம் காட்டும். 8 லாஜிக்கல் ப்ராசஸர் இருந்தால் ஒன்று முழுதாக ஓடும்போது 12 சதவீதத்துக்குப் பக்கத்தில்தான் தெரியும், குறைவாக இருக்கிறதே என்று ஏமாந்துவிடாதீர்கள்.

நீங்கள் சொல்லும் அறிகுறியைப் பார்த்தால் முதல் வகை என்றுதான் படுகிறது. பேஜ் லேஅவுட், பிரின்ட் இரண்டுக்கும் பொதுவான ஆள் பிரின்டர். எந்தெந்தத் தாள் அளவு கிடைக்கும், அச்சாகாத ஓரம் எவ்வளவு, பக்கம் எங்கே உடையும் என்பதெல்லாம் எக்செல் தானாக முடிவு செய்வதில்லை, டீஃபால்ட் பிரின்டரின் டிரைவரை, அதாவது அந்தப் பிரின்டரோடு பேசும் மென்பொருளை, கேட்டுத்தான் சொல்கிறது. அந்த டீஃபால்ட் பிரின்டர் நெட்வொர்க்கில் எங்கோ அணைந்து கிடந்தால், அல்லது இப்போது நீங்கள் இருக்கும் நெட்வொர்க்கிலேயே இல்லை என்றால், காத்திருப்பு நேரம் தீர்ந்து கை விடும்வரை எக்செல் வாசலிலேயே நிற்கும். நீங்கள் அச்சே எடுக்காத ஆளாக இருந்தாலும் இதுதான் கதை.

செட்டிங்ஸில் பிரின்டர் பட்டியலுக்குப் போய் 'மைக்ரோசாஃப்ட் பிரின்ட் டு பிடிஎஃப்' என்பதை டீஃபால்ட் ஆக்குங்கள். அது கணினிக்குள்ளேயே இருப்பது, யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. அதற்கு முன்னால், டீஃபால்ட் பிரின்டரை விண்டோஸே நிர்வகிக்கட்டும் என்று ஒரு தேர்வு இருக்கும், அதை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கடைசியாக எதில் அச்சு எடுத்தீர்களோ அதுவே மறுபடி டீஃபால்ட்டாக வந்து உட்காரும்.

மேக்ரோ (எக்செல் வேலையைத் தானாகச் செய்யும் சிறு நிரல்) எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பக்க அமைப்பை மாற்றும் பேஜ்செட்டப்பில் பத்து வரி எழுதினால் மேக்ரோ ஆமைபோல நகர்வதும் இதனால்தான், வரிக்கு வரி பிரின்டரோடு பேச்சு. எக்செல் 2010-இல் வந்த பிரின்ட்கம்யூனிகேஷன் என்ற பண்பை ஃபால்ஸ் ஆக்கிவிட்டு எல்லா வரியையும் எழுதி, கடைசியில் ட்ரூ ஆக்கினால் ஒரே மூச்சில் போய்விடும்.

கட்டம்போட்டசட்டை:

அட! பேஜ் லேஅவுட்டில் சிபியு 0, 1 என்றுதான் ஆடியது. பிரின்டர் பட்டியலைத் திறந்தால், முன்பு வேலை செய்த இடத்தின் பிரின்டர் டீஃபால்ட்டாக உட்கார்ந்திருக்கிறது. அந்த இடத்தை விட்டு வந்தது சரியாக இரண்டு வாரத்துக்கு முன்னால். பிடிஎஃப்புக்கு மாற்றியதும் பேஜ் லேஅவுட் உடனே திறக்கிறது. இதற்கா நான் ஆபிஸை அழித்து நிறுவினேன்!

ஆனால் அந்தப் பெரிய ஃபைலில் ரைட் கிளிக் இன்னும் அப்படியேதான், அங்கே மட்டும் சிபியு 12-க்கு ஏறுகிறது.

பழையவரிசை:

அது வேறு நோய், ஃபைலுக்குள் இருக்கிறது. பல பேர் கை மாறி, வருடக்கணக்கில் சேவ் அஸ் செய்து செய்து வந்த ஃபைல்தானே? இரண்டு இடத்தில் தேடுங்கள்.

முதலில் ஆல்ட்டும் எஃப்10-ம் அழுத்துங்கள், செலக்ஷன் பேன் திறக்கும், ஷீட்டில் உள்ள ஆப்ஜெக்டுகளின் பட்டியல் அது. இணையப் பக்கத்திலிருந்து அட்டவணையைக் காப்பி செய்து ஒட்டும்போது படம், பட்டன், டிக் பெட்டி எல்லாம் கூடவே ஒட்டிக்கொண்டு வரும். பிறகு வரிசைகளை அழிக்கும்போது அவை போகாமல் உயரம் பூஜ்யமாகி நசுங்கிக் கிடக்கும், கண்ணுக்குத் தெரியாது. ஷீட்டை நகல் எடுத்தால் அவையும் நகலாகும், மாதத்துக்கு ஒரு ஷீட் என்று நகல் எடுப்பவர்கள் ஃபைலில் இது பொங்கி வழிவதைப் பார்த்திருக்கிறேன். எஃப்5, ஸ்பெஷல், ஆப்ஜெக்ட்ஸ் என்று கொடுத்தால் அத்தனையும் தேர்வாகும், டிலீட் அடிக்கலாம். ஆனால் உங்களுக்கு வேண்டிய சார்ட், பட்டன் எல்லாமும் சேர்ந்து போகும், ஆகவே ஃபைலின் நகலில் செய்து பாருங்கள்.

இரண்டாவது கண்டிஷனல் ஃபார்மட்டிங், அதாவது மதிப்பைப் பார்த்துச் செல்லின் நிறத்தை மாற்றும் விதிகள். மேனேஜ் ரூல்ஸில் 'திஸ் வொர்க்ஷீட்' என்று மாற்றிப் பாருங்கள். ஒரே விதி நூறு துண்டாக உடைந்து, துண்டுக்கு இரண்டு செல் என்று பட்டியல் நீண்டிருந்தால் அது காப்பி, பேஸ்ட் செய்ததன் விளைவு. திரையில் செல்லை வரையும்போதெல்லாம் இந்த விதிகள் மறுபடி கணக்கிடப்படும். மெனு திறந்து மூடும்போது அடியில் உள்ள பகுதியைத் திரும்ப வரைய வேண்டுமே, அங்கேதான் இழுக்கும். எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, முழு வரம்புக்கும் ஒரே விதியாக எழுதுங்கள். இனி ஒட்டும்போது வேல்யூஸ் மட்டும் ஒட்டினால் மறுபடி உடையாது.

நீலத்திரை:

கன்ட்ரோலும் எண்டும் அழுத்திப் பார்க்கவும். தரவு 900-ஆவது வரியில் முடிந்திருக்க, அது உங்களை 10,48,576-ஆவது வரிக்குக் கொண்டுபோய் நிறுத்தினால் தரவுக்குக் கீழே உள்ள காலிச் செல்களில் யாரோ வண்ணம் பூசியோ எதையோ எழுதியோ வைத்திருக்கலாம்.

செம்பருத்தி7:

நான் லிப்ரே ஆபிஸ் கால்க் (எக்செல் போன்ற இலவச மென்பொருள்) ஆள், இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும், ஆனால் அங்கே இதே அறிகுறிக்குக் காரணம் அநேகமாக வேறு. மெனு விரிவதே இழுத்து இழுத்து வந்தால் டூல்ஸ், ஆப்ஷன்ஸ், வியூ என்று போய் ஸ்கியா என்ற வரியைப் பாருங்கள். 7.0 பதிப்பிலிருந்து வந்த வரையும் முறை அது. சில கிராஃபிக்ஸ் டிரைவரோடு ஒத்துப்போகாது. மென்பொருள் வழியாகவே வரையும்படி கட்டாயப்படுத்த அதற்குக் கீழேயே ஒரு டிக் இருக்கிறது. அதைப் போட்டு மறுபடி திறந்ததும் எனக்குச் சரியானது.

கட்டம்போட்டசட்டை:

செய்தி. செலக்ஷன் பேன் திறக்கவே ஒரு நிமிடம் ஆனது, அப்போதே புரிந்துவிட்டது. 'பிக்சர்' என்று ஆரம்பித்துத் திரை திரையாக உருட்டினாலும் தீரவில்லை, எண்ணுவதை விட்டுவிட்டேன். நகலில் எல்லாவற்றையும் அழித்தேன், இருந்த ஒரே சார்ட்டையும் சேர்த்து, அதைத் திரும்ப வரைந்துகொண்டேன். ரைட் கிளிக் பாதி சரியானது. கண்டிஷனல் ஃபார்மட்டிங் விதிகளை மூன்றாகச் சுருக்கிய பிறகுதான் முழுதாகச் சரியானது.

ஒரே ஒரு மிச்சம். செல் ஸ்டைல்ஸ் பட்டியலைத் திறந்தால் 'நார்மல் 2', 'நார்மல் 2 3', 'நார்மல் 2 3 4' என்று முடிவே இல்லாமல் போகிறது, அதைத் திறந்தாலும் கொஞ்சம் திணறுகிறது. அழிக்கலாமா?

பழையவரிசை:

தாராளமாக. மற்ற ஃபைல்களிலிருந்து ஷீட்டை இழுத்து வரும்போது ஒட்டிக்கொண்டவை அவை. ஒவ்வொன்றாக அழித்தால் விடிந்துவிடும். ஸ்டைல்ஸ் தொகுப்பைக் கடைசியிலிருந்து முதல் வரை சுற்றி, பில்ட்இன் என்பது ஃபால்ஸ் ஆக உள்ளவற்றை மட்டும் டிலீட் செய்கிற நாலு வரி மேக்ரோ போதும். அந்த ஸ்டைலில் இருந்த செல்கள் நார்மலுக்குத் திரும்பிவிடும், தேதி, தசம வடிவம் எங்காவது மாறியிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். இதையும் நகலில்தான்.