முறைப்பாடு எழுதப் போய்க் கிடைத்த சொல்

போன மாதம் பஸ்ஸில் கைப்பை தொலைந்துவிட்டது. பொலிஸில் முறைப்பாடு கொடுக்கப் போனேன். நான் சொன்னதையெல்லாம் சிங்களத்தில் எழுதி, ஒப்பமிடச் சொன்னார்கள். எனக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. வாசிக்க முடியாததில் எப்படி ஒப்பமிடுவது? 1987இல் இலங்கை அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியாகிவிட்டதே என்றேன். தமிழில் எழுதுபவர் நாளைக்குத்தான் வருவார் என்று பதில் வந்தது. மனம் நொந்துதான் திரும்பினேன்.

அன்று பின்னேரம் புதுக்கடையில், எங்களுக்குத் தெரிந்த வயதான சட்டத்தரணி ஒருவரிடம் இதைச் சொன்னேன். "ஐசோனமி என்று ஒரு சொல் இருக்கு பிள்ளை, கேள்விப்பட்டிருக்கிறீரா?" என்று தொடங்கினார்.

கிரேக்கத்தில் 'ஐசோஸ்' என்றால் சமம், 'நொமோஸ்' என்றால் சட்டம். இத்தாலிய மொழி வழியாக 1600 அளவில் ஆங்கிலத்துக்கு வந்ததாம். சரி, அதோடு முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் நொமோஸின் வேர் 'நெமெய்ன்', பங்கிட்டுக் கொடுப்பது. அவரவருக்கு அளந்து கொடுத்த பங்குதான் வழக்கமாகி, பிறகு சட்டமாகியிருக்கிறது. நம்முடைய 'முறை' என்ற சொல்லும் இதற்குக் கிட்டத்தானே நிற்கிறது! நீதியும் முறைதான், வரிசையில் நமக்கு வரும் தருணமும் முறைதான். முறைப்பாடும் அதில் பிறந்ததுதான். 1978 அரசியலமைப்பின் 12(1) உறுப்புரை, சட்டத்தின் முன் சமம் என்பதோடு நிற்காமல், சட்டத்தின் பாதுகாப்பும் சமமாகக் கிடைக்க வேண்டும் என்கிறது. அந்தப் பங்கைத்தான் நான் கேட்டேன்.

மறுநாளும் போனேன். தமிழில் எழுதினார்கள். இரண்டு தரம் வாசித்துவிட்டு ஒப்பமிட்டேன்.

மறுமொழி

அக்கா, நான் கொழும்பில் தாதியாக இருக்கிறேன். இந்தச் சொல்லை நான் சந்தித்தது மருத்துவ வரலாற்று வகுப்பில். குரோட்டன் நகரத்து அல்க்மையோன் என்ற பழைய கிரேக்கர், உடம்பில் சூடு, குளிர், ஈரம், வறட்சி எல்லாம் சமமாக நிற்பதை 'ஐசோனொமியா' என்றார். அதுதான் ஆரோக்கியம். அதில் ஒன்று மட்டும் தனியாட்சி செய்தால் நோய். காய்ச்சல்காரரின் நெற்றியில் கைவைக்கும்போது இப்போதும் அது ஞாபகம் வரும். அப்புறம், முறைப்பாட்டின் பிரதி தந்தார்களா? இல்லாவிட்டால் போய்க் கேட்டு வாங்குங்கள், அடையாள அட்டை எடுக்கத் தேவைப்படும்.